கார்த்திகைப் பூவுக்கு ஒரு முகம்

அவர் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் நாம் பேசுவது அவர் காதில் விழாது. கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிவிடும். தோளைத் தொட்டால்தான் திரும்புவார். பூவை அப்படிப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் நமக்கும் அந்தப் பூவை முதன்முதலாகப் பார்ப்பது போல இருக்கும். குழந்தையை அப்படிப் பார்த்தால் அதை இழுத்து மறைத்துக்கொள்ளத் தோன்றும்.

நான் சிறுவர் பாடல் எழுதுகிறவள். சம்பளம் கணினி நிறுவனத்தில், குடியிருப்பு சென்னை முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டில். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் பதிப்பகத்தார் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் ஒன்று கேட்டார்கள். மாதத்துக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு தேவதை, தேவதைக்கு ஒரு பாட்டு. பாட்டு என் பொறுப்பு. படம் வரைய அவரை அனுப்பினார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, கட்டம் போட்ட பருத்திப் புடவை, தோளில் பெரிய துணிப்பை. நாகர்கோவில் பக்கத்துக்காரர். பூந்தமல்லிக்குப் பக்கத்தில், நூம்பலில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். அவர் முகம் ஏற்கெனவே போதுமான கைபேசிகளில் சுற்றிவிட்டது. பெயராவது மிஞ்சட்டும் என்று இங்கே எழுதவில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

பதிப்பகத்தார் கேட்டது ரோஸ் கவுன் போட்ட தேவதைகளை. கையில் நட்சத்திரம் வைத்த குச்சி, தலையில் கிரீடம். அக்கா கேட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போனார். அடுத்த முறை மார்கழிக்கான படத்தோடு வந்தார். கோலத்தின் நடுவே, சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ. அதற்குள் ஒரு தேவதை குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க உட்கார்ந்திருந்தது. நான் எழுதியிருந்தது இதுதான்:

மார்கழிப் பனியிலே மஞ்சள் பூசணி,
கோலத்து நடுவிலே கொட்டாவி ராணி!

“பனியில கவுன் போட்டுட்டு உக்காந்தா சளி பிடிக்காதா?” என்று அக்கா பதிப்பகத்தாரிடம் உண்மையாகவே கேட்டார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு கவுன் பேச்சு முடிந்தது. வேப்பம்பூ தேவதையின் கழுத்தில் வேர்க்குருப் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. தும்பைப்பூ தேவதை மழைக்கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தது. இறக்கைகளையும் அவர் இஷ்டத்துக்கு வைக்க மாட்டார். அந்தப் பூவுக்கு எது வருமோ அதன் இறக்கை. பூசணிக்குத் தேனீ, முருங்கைக்குத் தேன்சிட்டு.

“பாக்காம வரைஞ்சா அது பொய்லா?” என்பார். எதற்கெடுத்தாலும் இதே பேச்சு. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு வரையலாமே என்று ஒருமுறை சொன்னேன். போட்டோ நம்மைத் திரும்பிப் பார்க்காது, அதனால் அதில் முகம் கிடையாது என்றார். எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது.

முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகள் இனியாவுக்கு நாலு வயது. நான் பாட்டு வாசிக்கிறேன், அக்கா அவளையே பார்க்கிறார். இனியா பொம்மையை எடுத்துக்கொண்டு சோபாவின் மறுபக்கம் போனாள். அக்காவின் தலையும் கூடவே திரும்பியது. கடைசியில் குழந்தை என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “அந்த ஆன்ட்டிய போகச் சொல்லும்மா” என்று அழுதாள். அக்கா பதறிப்போய் எழுந்தார்.

“பயந்துட்டியா மக்ளே? ஒண்ணும் செய்ய மாட்டேன் மக்ளே” என்றார். பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் நாகர்கோவில் பக்கத்து மக்ளே அது. கேட்டுப் பழகாத இனியா இன்னும் சத்தமாக அழுதாள்.

அடுத்த வாரம் சித்திரை மாதத்துப் படம் வந்தது. கொன்றைச் சரத்தில் ஊஞ்சலாடும் தேவதைக்கு இனியாவின் முகம். மூக்கைச் சுருக்கிச் சிரிக்கும்போது அவள் இடது கன்னத்தில் மட்டும் விழும் சின்ன மடிப்புகூட இருந்தது. பெற்ற நான் அதுவரை கவனித்ததில்லை. மகிழ்ச்சியைவிட முதலில் வந்தது பயம்தான். படம் வந்த மறுநாள் இனியாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அது வெறும் வைரல் காய்ச்சல், அவள் பள்ளியில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனாலும் உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றிப் போட்டேன். என் கணவர் குமார் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா புள்ளைய அப்படிப் பார்க்கறது எனக்குப் பிடிக்கல. வேலையெல்லாம் வெளியிலயே வெச்சுக்கோயேன்” என்றார்.

அதன் பிறகு நான்தான் நூம்பலுக்குப் போய்வந்தேன்.

பாதி வயலாகவும் பாதி அபார்ட்மென்டாகவும் இருக்கும் இடம் அது. அக்கா இருந்த தெருவின் கோடியில் ஒரு பால்வாடி. அதன் எதிரே யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன காலி மனை. அதன் முள்வேலியில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு கொடி கிளம்பி, கார்த்திகையில் பூத்துவிட்டது. செங்காந்தள். எங்கள் பக்கத்தில் கார்த்திகைப் பூ என்றே சொல்வோம். கீழே மஞ்சள், மேலே சிவப்பு, தீ எரிவது போல மேல் நோக்கி வளைந்த இதழ்கள். அதன் கிழங்கு கொடிய விஷம்.

புத்தகத்தில் கார்த்திகை மாதம் மட்டும்தான் பாக்கி. பாட்டு தயார்:

வேலி மேலே விளக்கு வைத்தது யாரு?
விரல் விரலாய் நெருப்பு நாக்கு ஆறு!
கிட்டப் போகாதே, எட்ட நின்று பாரு,
காற்றில் ஆடுது கார்த்திகைத் தேரு!

“இந்தப் பூவுக்குச் சிரிக்கிற முகம் ஆகாது. எல்லாத்தையும் உஷாராப் பாக்கிற ஒரு முகம் வேணும். ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு” என்று அக்கா போனில் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் எல்லா வாட்சப் குழுக்களிலும் அந்தச் செய்தி வந்துகொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் பூந்தமல்லிப் பக்கம் இறங்கியிருக்கிறது, பெண்கள்தான் வருகிறார்கள், துணிப்பை வைத்திருப்பார்கள், தமிழ் வேறு மாதிரி பேசுவார்கள். எங்கள் ஃப்ளாட் குழுவில் ஒரே நாளில் பலர் அதை அனுப்பினார்கள். நான்கூட இனியாவின் பள்ளி வேன் வருவதற்கு முன்பே கீழே போய் நிற்கத் தொடங்கியிருந்தேன். துணிப்பை என்று படித்தபோதும் எனக்கு அக்காவின் ஞாபகம் வரவில்லை. தெரிந்தவர்களை அப்படி யாரும் நினைப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அச்சகத்தில் கொடுத்த மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நூம்பல் போனேன். வேலப்பன்சாவடியில் திரும்பி உள்ளே வரும்போதே தெருவில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். பால்வாடி முன்னால் கூட்டம். ஏதோ விபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன்.

முள்வேலியை ஒட்டி அக்கா நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி முகத்தில் இல்லை. ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. துணிப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். தூரிகைகளும் டிபன் பாக்ஸும் சேற்றில் கிடந்தன. அவர் வரைந்த தாள்கள் கைமாறிக்கொண்டிருந்தன. ஓர் இளைஞன் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“நாலு நாளா நானும் பாத்துகினேகீறேன். அந்த வேலியாண்ட நின்னுகினு புள்ளைங்களயே மொறைச்சுகினு கீது. கேட்டா பதிலே சொல்ல மாட்டுது” என்று லுங்கி கட்டிய ஒருவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும், அவர் கேட்டது அக்காவின் காதில் விழுந்திருக்காது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினால் போய்விடலாம். அக்கா கண்ணாடியில்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையோ தேடுவது போல இருந்தது. நான் உள்ளே போனேன்.

“அண்ணா, அண்ணா, இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. படம் வரையறவங்க. நாங்க குழந்தைங்களுக்குப் புக் போடறோம்.”

“இன்னொருத்தியும் வந்துகீறாடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

அந்த ஒரு சொல்லில் கூட்டம் என்னையும் சுற்றிக்கொண்டது. ஒருவர் என் ஸ்கூட்டர் சாவியை உருவினார். இன்னொருவர் கையிலிருந்த மாதிரிப் பிரதியைப் பிடுங்கினார். அதைப் பார்த்தால் தெளிவாகிவிடும் என்று நம்பினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். குல்லா போட்ட ஒரு குழந்தை, ஊஞ்சலில் ஒரு குழந்தை, மழைக்கோட்டில் ஒரு குழந்தை.

“இன்னாடா இது, எத்தினி புள்ளைங்கடா!” என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆபத்தாகப் பட்டது.

“பாட்டுப் புக்குங்க அது” என்றேன்.

“பாட்டா? எங்க, பாடு பாக்கலாம்.”

நான் பாடினேன். வேலி மேலே விளக்கு என்று தொடங்கி, கிட்டப் போகாதே என்ற இடத்தில் குரல் உடைந்தது. நான் எழுதிய எந்தப் பாட்டும் அவ்வளவு அர்த்தமில்லாமல் எனக்குக் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள். யாரோ “போலீஸ் வர்ற வரிக்கும் கட்டிப் போடு” என்றார்கள்.

அப்போது ஓர் இளம்பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஆடியது. வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்திருக்கிறாள். யாரோ அவள் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். பென்சிலில் போட்ட படம். செங்காந்தள் பூவுக்குள், தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்களை அகல விரித்த ஒரு சிறுமி. முதுகில் பட்டாம்பூச்சி இறக்கை.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு பாய்ந்து அக்காவின் புடவையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

“என் பொண்ணுடி இது! என் தன்ஷிகா மூஞ்சி! இன்னாத்துக்குடி என் பொண்ணுக்கு ரெக்கை வெச்சே? எங்கடி தூக்கினு போவப் போறே?”

அவள் அலறிய அலறல் எனக்குப் புரிந்தது. காய்ச்சலில் கிடந்த இனியாவின் தலைமாட்டில் எனக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் இருந்தது. அக்காவின் தூரிகை பிடிக்கும் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. அக்கா திமிறவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். மூச்சு முட்டும் அந்த நேரத்திலும் அவருடைய அந்தப் பார்வைதான். பார்க்காதீங்கக்கா, கீழே பாருங்க என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

“பிள்ளைக்கு இடது காது கேக்கல” என்றார் அக்கா.

“இன்னா?”

“கேக்கல. அதான் தலையச் சாச்சு வச்சிருக்கா. பேசுறவங்க வாயவே பாக்குறா. வலது காதப் பொத்திட்டுப் பின்னால நின்னு கூப்பிட்டுப் பாருங்க.”

“பாத்தியா, எந்த அளவுக்கு நோட்டம் வுட்டுகீது!” என்று லுங்கிக்காரர் கை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

அவள் பால்வாடி வாசலுக்கு நடந்தாள். அங்கே ஆயாம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தச் சிறுமி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் பின்னால் போய், வலது காதை உள்ளங்கையால் பொத்தினாள். மற்ற காதுக்கு வெகு அருகில் குனிந்து, “தன்ஷி” என்றாள். குழந்தை அசையவில்லை. “தன்ஷிம்மா, அம்மாடி” என்றாள். கூட்டம் மெல்ல மெல்ல அடங்கி, அந்தக் குரல் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. அந்தக் குழந்தைக்கு மட்டும் கேட்கவில்லை. அது எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் கையை எடுத்து, “தன்ஷி” என்றதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

“நான் திமிருன்னுல்ல நெனச்சேன்” என்றார் ஆயாம்மா. “ஒரு தபா கூப்ட்டா திரும்பவே மாட்டாளேன்னு எத்தினி தபா திட்டிகீறேன்!”

தாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவள் பயந்தது வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு. அது வீட்டுக்குள்ளேயே, தன் மடியிலேயே இருந்தது என்று தெரிந்தபோது அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவர் தாள்களைப் பொறுக்கி என் கையில் தந்தார். சாவி திரும்பி வந்தது. பிறகு மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் எங்கள் இருவரின் விலாசத்தையும் கேட்டுக்கொண்டு, “இந்த நேரத்துல ஏம்மா இப்படியெல்லாம் போய் நிக்கறீங்க?” என்றார். படம் எடுத்த இளைஞன் மட்டும் கடைசிவரை கைபேசியை இறக்கவில்லை.

அவன் எடுத்ததில் முதல் பாதிதான் ஊரெல்லாம் போயிற்று. கன்னம் வீங்கிய முகத்தோடு அக்கா வேலியோரம் நிற்பதும், ‘பிள்ளை பிடிக்கும் பெண் சிக்கினாள்’ என்ற எழுத்தும். அன்று மாலைக்குள் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து, “உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. ஆனா தெருவுல கேக்கறாங்க” என்று இழுத்தார்.

அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். குமார் என்ன சொல்வாரோ என்று படியேறும்போதே பயம். ஃப்ளாட் குழுவிலும் அந்த வீடியோ வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்காரர், “இந்தப் பெண்மணி நம் பிளாக்கில் நுழைந்ததாக செக்யூரிட்டி சொல்கிறார், உண்மையா?” என்று கேட்டிருந்தார். குமார் அதைப் படித்தார். அக்கா உட்கார்ந்திருந்த அறையின் கதவைப் பார்த்தார். பிறகு குழுவில், “என் வீட்டு விருந்தாளி. சந்தேகம் இருப்பவர்கள் என்னிடம் வந்து பேசவும்” என்று எழுதிவிட்டு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். யாரும் வரவில்லை. ஆனால் லிஃப்டில் எங்களோடு ஏறுவதை மட்டும் சிலர் நிறுத்தினார்கள்.

அக்கா அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அழைப்பு மணி அடித்தால் உடம்பு தூக்கிவாரிப்போடும். ஜன்னல் வழியே கீழே விளையாடும் பிள்ளைகளின் சத்தம் வந்தால் எழுந்து போய்த் திரையை இழுத்துவிடுவார். இனியா உள்ளே ஓடினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவரைப் பார்த்து அழுத அதே இனியா, “ஏம்மா ஆன்ட்டி என்னைப் பார்க்கவே மாட்டேங்கறாங்க?” என்று கேட்டாள்.

சில நாட்கள் கழித்துத் தன்ஷிகாவின் அம்மா எங்கள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்தாள். கையைப் பிடித்தபடி குழந்தை. காது டாக்டரிடம் காட்டிவிட்டார்களாம். ரொம்ப நாளாகச் சீழ் கோத்து உள்ளே கெட்டுப்போயிருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறார்கள், அறுவை சிகிச்சைகூடச் செய்ய வேண்டியிருக்கலாம், இன்னும் விட்டிருந்தால் தலைக்கு ஏறியிருக்கும் என்று சொன்னார்களாம். சொல்லும்போதே அழுதாள்.

“அன்னிக்குப் பயந்துட்டேன்க்கா. வேறொண்ணும் தெரியல எனுக்கு” என்றாள்.

“நானும் பயந்துட்டேன்” என்றார் அக்கா. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சேறு பட்ட அந்தப் பென்சில் படத்தை அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வீட்டில் மாட்டி வைக்கிறேன், ஆனால் அந்த இறக்கையை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றாள். அக்கா மறு பேச்சில்லாமல் ரப்பரை எடுத்து அழித்தார். அழித்த இடத்தில் பால்வாடிச் சீருடையின் தோள்பட்டையை வரைந்தார். ஒருமுறைகூட நிமிரவில்லை.

குழந்தைக்கு அது பொறுக்கவில்லை. முகம் தெரியாவிட்டால் பேச்சு பாதிதான் புரியும் அவளுக்கு. அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கீழிருந்து அந்தக் குனிந்த முகத்தை எட்டிப் பார்த்து, “இன்னா சொல்றே? கேக்கலே” என்றாள்.

அக்கா சட்டென்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல மக்ளே” என்றார்.

குழந்தை அவர் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டியது. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அக்கா இங்கே தங்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார். புத்தகம் வந்தது. பன்னிரண்டு பூக்கள், பதினோரு தேவதைகள். கார்த்திகைப் பக்கத்தில் பூ மட்டும் எரிகிறது. தேவதை எங்கே என்று பிள்ளைகள் கேட்பதாகப் பதிப்பகத்தார் சொன்னார்கள்.

எப்போதாவது போனில் பேசுவோம். போன பொங்கலுக்குப் பேசியபோது, இப்போது ஏதாவது வரைகிறீர்களா என்று கேட்டேன்.

“பூ வரையறேன்” என்றார்.

“முகம்?”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரித்தது. யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

“பூன்னா எவ்வளவு நேரம் பாத்தாலும் பயப்படாதுல்லா” என்றார்.